போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பத்து நாள்: முதலில் திரும்பும் தேதியை மாற்றுங்கள்

கேள்வி: என் கணவர் எண்ணெய், எரிவாயுத் துறையில் இருக்கிறார். 2027 ஜனவரி 30 முதல் பிப்ரவரி 8 வரை டிரினிடாட் தலைநகரம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அவருக்கு வேலை. நானும் 14 வயது மகனும் கூடப் போகிறோம். பகலெல்லாம் அவர் அலுவலகத்தில் இருப்பார். நான் சுத்த சைவம். மகனுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் கார்னிவல் ஆட்டம், இன்னொரு பக்கம் துப்பாக்கிச் சூட்டுச் செய்தி. நாங்கள் இருவரும் தனியாக வெளியே போகலாமா, ஹோட்டலிலேயே இருந்துவிடுவதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்:

சகோதரிக்கு வணக்கம். ஹோட்டலிலேயே இருந்துவிடாதீர்கள், வெளியே போங்கள். ஆனால் ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் திரும்பும் டிக்கெட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும், கடிதத்தில் அந்தத் தேதியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. பிப்ரவரி 8 கார்னிவல் திங்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும்தான் அங்கே கார்னிவல், 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10ஆம் தேதி வருகிறது. திங்கள் விடியற்காலை நான்கு மணிக்கே 'ஜூவே' என்று சேற்றையும் சாயத்தையும் பூசிக்கொண்டு ஊரே தெருவில் இறங்கிவிடும். நகருக்குள் பல தெருக்களை அடைத்துவிடுவார்கள், டாக்சி ஓட்டுகிறவர்களில் பலர் அவர்களே ஆட்டத்தில் இருப்பார்கள், பியார்கோ விமான நிலையமோ ஊரிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். பெட்டிகளோடு அன்றைக்குக் கிளம்புவது பெரும்பாடு. இன்னொன்று, சட்டப்படி அந்த இரண்டு நாளும் அரசு விடுமுறை கிடையாது, ஆனால் அலுவலகம், வங்கி, கடை எல்லாம் மூடித்தான் இருக்கும். உங்கள் கணவரின் நிறுவனத்தார் 8ஆம் தேதி வரை என்று போட்டிருப்பது காலண்டரைப் பார்க்காமல் போட்டது என்றே நினைக்கிறேன், அவரை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் 11ஆம் தேதி வியாழனுக்கு மாற்றுங்கள். புதன் வேண்டாம், கார்னிவலுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த கூட்டம் அன்றைக்குத்தான் கிளம்பும், டிக்கெட் விலை ஏறிக்கிடக்கும்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்திய அரசு வைத்திருக்கிற மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் டிரினிடாட் தீவும் இருக்கிறது. அங்கே போய் இறங்கும்போது யாரும் கேட்காமல் விடலாம், திரும்பி நம் ஊரில் இறங்கும்போது கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிட விதி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தம்பதிக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர்கள் திரும்பி வந்த இரவு விமான நிலையத்திலிருந்து வந்த போன் இன்னும் என் காதில் இருக்கிறது, அதற்குப் பிறகு யார் டிரினிடாட் என்று சொன்னாலும் முதலில் ஊசியைத்தான் கேட்கிறேன். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், சென்னை கிண்டியில் இருக்கிற கிங் இன்ஸ்டிட்யூட் போல அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள், அதுவும் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். முட்டை ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விசாவைப் பொறுத்தவரை எனக்குக் கவலை வழியில் மாறுகிற ஊரைப் பற்றித்தான். நம் ஊரிலிருந்து நேர் விமானம் கிடையாது. நியூயார்க்கிலோ மயாமியிலோ மாறினால், விமான நிலையத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்காவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழிக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விதிகள் உண்டு. நிறுவனம் டிக்கெட் போடுகிறது என்றால் உங்களுக்கும் மகனுக்கும் அதே வழி ஒத்துவருமா என்று பாருங்கள், கணவரிடம் அமெரிக்க விசா இருந்து உங்களிடம் இல்லாமல் போகலாம். டிரினிடாட்டுக்குள் நுழைகிற விதியை அவர்கள் தூதரகப் பக்கத்தில், டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை படியுங்கள்.

சரி, ஊருக்கு வருவோம்.

பயண ஏற்பாட்டுத் தொழிலில் எனக்கு 18 வருடம் ஆகிறது, போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். அங்கே போகிறவர்களுக்கு நான் இடங்களின் பட்டியல் கொடுப்பதில்லை, நேரத்தைத்தான் சொல்லி அனுப்புகிறேன். ஒரே தெரு காலை பத்து மணிக்குக் கல்லூரிப் பெண்களும் வழக்கறிஞர்களுமாக நெரிசலில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈ காக்கை இருக்காது. உங்கள் பயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்த ஊரில் குற்றம் உண்மை. 2024 டிசம்பரிலும் 2025 ஜூலையிலும் அவசரநிலையே அறிவித்தார்கள். பெரும்பாலும் கும்பல்களுக்குள் நடக்கிற சண்டை அது, நகரின் கிழக்கே மலைச்சரிவில் இருக்கிற லாவென்டில், நெடுஞ்சாலை ஓரத்து பீட்டம், கடலோரத்து சீ லாட்ஸ் பக்கம்தான் அதிகம். அங்கே வாழ்கிறவர்கள் நல்ல மனிதர்கள், ஸ்டீல்பான் என்கிற வாத்தியம் வளர்ந்ததே அந்த மலைச்சரிவில்தான், ஆனாலும் வழி தெரியாத இருவர் சுற்றிப் பார்க்கப் போக வேண்டிய இடம் இல்லை. உங்கள் ஹோட்டல் அநேகமாக சவானா மைதானத்தை ஒட்டியோ வுட்புரூக்கிலோ செயின்ட் கிளேரிலோ இருக்கும். பகலில் அந்தப் பக்கமெல்லாம் நடங்கள், இருட்டிய பிறகு இரண்டு தெரு தள்ளிப் போவதென்றாலும் வண்டியில் போங்கள். இந்த ஒன்றைக் கறாராகப் பிடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

வண்டி விஷயத்தில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். ஆங்கில எழுத்து 'எச்'சில் தொடங்கினால் அனுமதி பெற்ற வாடகை வண்டி, 'பி'யில் தொடங்கினால் சொந்த உபயோகக் கார். 'பி' பிளேட் காரிலும் ஆள் ஏற்றுவார்கள், உள்ளூர்க்காரர்கள் ஏறவும் செய்வார்கள், நீங்கள் ஏறாதீர்கள். மேக்ஸி டாக்சி என்று ஓடுகிற வேன்களில் நிறப்பட்டை போட்டிருக்கும்: மஞ்சள் பட்டை நகரத்துக்குள்ளும் மேற்கேயும், சிவப்பு கிழக்கே அரிமா பக்கம், பச்சை தெற்கே சகுவானஸ், சான் ஃபெர்னாண்டோ பக்கம். நம் ஊர் ஷேர் ஆட்டோவில் போய்ப் பழகியவர்களுக்கு மஞ்சள் பட்டை மேக்ஸி பகலில் ஒன்றும் கஷ்டமில்லை. இரவுக்கு ஹோட்டலில் சொல்லி ஒரே டிரைவரைப் பத்து நாளும் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய எண் உங்கள் போனிலும் மகன் போனிலும் இருக்கட்டும். போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 811.

தாலிச் சங்கிலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போங்கள். மகனிடம் ராணுவப் பச்சைத் திட்டு போட்ட டிராயரோ தொப்பியோ பையோ இருந்தால் அதையும் எடுக்காதீர்கள். அந்த டிசைன் துணியைப் பொதுமக்கள் போடுவது அங்கே சட்டப்படி குற்றம், பிள்ளைகளுக்கும் விலக்கு கிடையாது, பறிமுதல் செய்துவிடுவார்கள்.

காலையிலிருந்து தொடங்குகிறேன். ஏழு ஏழரைக்கு எழுந்து டபுள்ஸ் சாப்பிடப் போங்கள். சைவம் கிடைக்குமா என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள், உலகத்தில் எனக்குத் தெரிந்து சைவக்காரர் தெருவோரத்தில் நின்று வயிறார, விசாரிக்காமல் சாப்பிடக்கூடிய தலைநகரங்கள் குறைவு, அதில் இது ஒன்று. மஞ்சள் சேர்த்துப் பிசைந்து எண்ணெயில் போட்டெடுத்த, பூரியைவிட மெத்தென்றிருக்கும் இரண்டு 'பாரா', நடுவில் கொண்டைக்கடலைக் கறி. விற்கிறவரின் கையைப் பாருங்கள். உள்ளங்கையில் மெழுகுத் தாள், அதில் ஒன்றின்மேல் பாதி ஒன்று ஏறினாற்போல இரண்டு பாரா, ஒரு கரண்டி கடலை, வெள்ளரித் துருவல், புளிச் சட்னி, மாங்காய்த் துருவலில் செய்த குச்சேலா, அப்புறம் தாளின் இரு முனையையும் ஒரு முறுக்கு. எண்ணி ஐந்து விநாடி இருக்காது. நடுவில் "பெப்பர்?" என்று ஒரு வார்த்தை கேட்பார், "ஸ்லைட்" என்று சொல்லுங்கள். மதுரைக்காரர், காரத்துக்கு அஞ்சாதவர் என்பது தெரியும், ஆனாலும் முதல் நாள் "ஸ்லைட்" போதும். உலகத்தின் மிகக் காரமான மிளகாய்களில் ஒன்றான மொருகா ஸ்கார்பியன் அந்தத் தீவில் விளைந்தது, அவர்களுடைய 'கொஞ்சம்' நம்முடைய 'நிறைய'. நின்றபடியே, மேல் பாராவைப் பிய்த்துக் கடலையை அள்ளிச் சாப்பிட வேண்டும். முடித்துவிட்டுக் கணக்கை நீங்களே சொல்லிப் பணம் கொடுப்பதுதான் வழக்கம், அதனால் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1930களில் தெற்கே பிரின்சஸ் டவுனில் ஒரு இந்தியக் குடும்பம் தொடங்கிய பலகாரம் இது, முதலில் ஒரு பாராதான் வைத்தார்களாம், வாங்குகிறவர்கள் இரட்டையாகப் போடு என்று கேட்கக் கேட்கப் பெயரே அதுவாகிவிட்டது.

மதியத்துக்கு ரொட்டிக் கடை. 'தால்பூரி' என்பது அரைத்த பட்டாணிப் பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த பெரிய ரொட்டி, 'பஸ் அப் ஷட்' என்பது நம் கொத்திப் போட்ட பரோட்டாவுக்குச் சொந்தக்காரன். கூடப் பூசணிக்காய், கீரை, உருளையும் கொண்டைக்கடலையும், 'போடி' என்கிற காராமணிக்காய், சில கடைகளில் மாங்காய்க் கறி. "வெஜிடேரியன் ரொட்டி" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் புரியும். காலையில் சாதா ரொட்டியோடு சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்த 'சோக்கா' கிடைத்தால் விடாதீர்கள், பூண்டும் சுடச்சுட எண்ணெயும் ஊற்றியது, நம் வீட்டுக் கத்தரிக்காய்க் கொத்சு நினைவு வரும். எச்சரிக்கை இரண்டு உண்டு. 'கலலூ' என்று பச்சையாக ஒரு கீரைக் கூழ் வரும், சேம்பு இலையும் தேங்காய்ப் பாலும் வெண்டைக்காயும் சேர்த்தது, பார்க்கச் சைவம்போல இருந்தாலும் பல வீடுகளில் நண்டோ உப்பிட்ட இறைச்சியோ போட்டுத்தான் கொதிக்கவைப்பார்கள். பீன்ஸ் குழம்பிலும் பன்றிவால் போடுகிற பழக்கம் உண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ரஸ்தஃபாரி மக்கள் நடத்துகிற 'ஐடல்' கடைகளில் இறைச்சியே கிடையாது. வீட்டிலிருந்து எலெக்ட்ரிக் குக்கர் எடுத்துப் போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அங்கே மின்சாரம் 115 வோல்ட், நம் 230 வோல்ட் குக்கரில் அரிசி வேகாது. போன் சார்ஜருக்கு அமெரிக்கத் தட்டைப் பின் மாற்றி ஒன்று போதும்.

சாப்பாட்டைவிட முக்கியமாக நான் நினைப்பது இதைத்தான்: கடைக்குள் நுழைந்தாலும் மேக்ஸியில் ஏறினாலும் முதலில் "குட் மார்னிங்" சொல்லுங்கள். முதல் தடவை போனபோது செயின்ட் ஜேம்ஸில் ஒரு சின்னக் கடைக்குள் போய் நேராகத் தண்ணீர் பாட்டில் என்ன விலை என்று கேட்டேன். அந்த அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தார், இன்னொரு துணியை எடுத்து மடித்தார், பிறகு நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்து நிதானமாக "குட் மார்னிங்" என்றார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் விலை வந்தது, கூடவே எந்த ஊர், எத்தனை நாள், சாப்பிட்டாயா என்று அரை மணி நேரப் பேச்சும் வந்தது. இருட்டிவிட்டால் "குட் நைட்" என்பதே அங்கே வரவேற்பு வார்த்தை, போய்வருகிறேன் என்று அர்த்தமில்லை. 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போதே என்றும் அர்த்தமில்லை, கொஞ்ச நேரத்தில் என்று பொருள், அந்தக் கொஞ்ச நேரம் ஒரு மணி நேரமும் ஆகலாம். நண்பர்களோடு வேலையில்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு 'லைமிங்' என்று பெயர் வைத்து அதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள்.

காலை வெயில் ஏறுவதற்குள் சவானாவைச் சுற்றி நடந்துவிடுங்கள். குவீன்ஸ் பார்க் சவானா சுமார் 260 ஏக்கர் புல்வெளி, சுற்றி வர ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர், வண்டிகள் ஒரே திசையில் சுற்றுவதால் உலகத்தின் மிகப் பெரிய ரவுண்டானா என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மேற்கு ஓரத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஏழு மாளிகைகள் வரிசையாக நிற்கும், ஒன்று ஸ்காட்லாந்துக் கோட்டைபோல, ஒன்று பிரெஞ்சு மாளிகைபோல. மணிக்கூண்டு வைத்த குவீன்ஸ் ராயல் கல்லூரியில்தான் நாட்டின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸும் பிற்பாடு நோபல் வாங்கிய எழுத்தாளர் நைபாலும் படித்தார்கள். வடக்கே 1818இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம், பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. இளநீர் வண்டியைப் பார்த்தால் நிறுத்துங்கள்.

மகனை குவீன்ஸ் பார்க் ஓவல் மைதானத்துக்குக் கூட்டிப்போகாமல் வந்துவிடாதீர்கள். வடக்கே மலைத்தொடர் தெரிகிற மாதிரி அமைந்த அழகான மைதானம். 1971 மார்ச்சில் இங்கேதான் இந்தியா முதல் முறையாக வெஸ்ட் இண்டீஸை டெஸ்டில் வென்றது. 21 வயது கவாஸ்கருக்கு அதுதான் முதல் டெஸ்ட், இரண்டு இன்னிங்ஸிலும் அரைச்சதம் அடித்தார். சர்தேசாய் 112 எடுத்தார். இரண்டாம் இன்னிங்ஸில் 95 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தவர் நம் சென்னை வெங்கட்ராகவன். 1976இல் 403 ரன்னைத் துரத்தி ஜெயித்ததும் இதே மைதானம்தான். வாயிற்காவலரிடம் குட் மார்னிங் சொல்லி, சென்னைக்காரர் பந்து வீசிய இடத்தைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். லாரா பிறந்த தீவு அது, கிரிக்கெட் பேச்சை எடுத்த பையனை வாசலிலேயே திருப்பி அனுப்ப மனசு வராது.

நகரின் மையப்பகுதிக்கு ஒரு வேலைநாள் காலை போதும். வுட்ஃபோர்ட் சதுக்கம், எதிரே நாடாளுமன்றம் நடக்கிற சிவப்பு மாளிகை, ஃபிரடெரிக் தெருக் கடைகள், பிரயன் லாரா நடைபாதை. மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள், அதற்குப் பிறகு போக்குவரத்து நெரிசல் கழுத்தை நெரிக்கும், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மாலை நான்கு மணி கரோனி சதுப்பு நிலத்துக்கு உரியது. நகரத்திலிருந்து அரை மணி நேரப் பயணம், தட்டையான படகில் அலையாத்திக் காட்டு வாய்க்காலுக்குள் மெதுவாகக் கூட்டிப்போவார்கள், கிளையில் சுருண்டு கிடக்கிற பாம்பைப் படகோட்டி காட்டுவார். பிச்சாவரம் போயிருக்கிறீர்கள் என்றால் அந்த மரங்கள் பழகினவை போலவே இருக்கும். பிறகு காயலில் ஒரு தீவுத் திட்டுக்கு எதிரே படகைக் கட்டிவிட்டு எஞ்சினை நிறுத்துவார்கள். முதலில் நாலைந்து பறவை, அப்புறம் இருபது, அப்புறம் எண்ண முடியாது. செக்கச் சிவந்த அரிவாள்மூக்கன்கள், அந்நாட்டின் தேசியப் பறவைகளில் ஒன்று, இருட்டும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக வந்து அந்தப் பச்சைத் திட்டில் இறங்கும். இறங்க இறங்க மரம் பூத்ததுபோல ஆகிவிடும். நண்டையும் இறாலையும் தின்று தின்று வருகிற சிவப்பு அது, குஞ்சுகள் பழுப்பாகத்தான் இருக்கும். படகில் இருந்த நாற்பது பேரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். கொசுவுக்குக் களிம்பு பூசிக்கொண்டு போங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

இரவு நேரத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிற வாரத்துக்கு நான் பொறாமைப்படுகிறேன், ஏனென்றால் கார்னிவலுக்கு முந்தைய அந்தப் பத்து நாள்தான் 'பான்யார்டு' என்கிற ஸ்டீல்பான் பயிற்சி முற்றங்களில் ஒத்திகை உச்சத்தில் இருக்கும். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டிச் சுரம் வரவைத்த வாத்தியம் ஸ்டீல்பான். 1880களில் ஆங்கிலேய அரசு ஆப்பிரிக்க மக்களின் தோல் பறைகளுக்குத் தடை போட்டது, அவர்கள் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள், 1930களின் கடைசியில் பிஸ்கட் டப்பாவும் பெயிண்ட் டப்பாவும் கைக்கு வந்தன, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 55 கேலன் எண்ணெய்ப் பீப்பாய். பறையைப் பிடுங்கியதில் பிறந்த வாத்தியம் இன்று நாட்டின் தேசிய வாத்தியம். ஒரு பெரிய குழுவில் நூறு பேருக்கு மேல் வாசிப்பார்கள், மேலே தகரக் கூரை போட்ட முற்றம், சக்கரம் வைத்த சட்டங்களில் பீப்பாய்கள், பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து தாத்தா வரை எல்லா வயதிலும் ஆள், முன்னால் நின்று ஒருவர் இரும்புத் துண்டில் தாளம் தட்டுவார். எட்டு நிமிடப் பாட்டு ஒன்றைத்தான் வாரக்கணக்கில் பழகுகிறார்கள். நான் போன இரவு, நடுவில் வருகிற ஒரே ஒரு துண்டை நாற்பது முறையாவது திரும்பத் திரும்ப வாசித்திருப்பார்கள், தப்பு எங்கே என்று எனக்குத் தெரியவேயில்லை, திடீரென்று ஒரு தடவை எல்லாம் ஒன்றாக விழுந்ததும் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டி கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். தரை வழியாகக் காலில் ஏறுகிற சத்தம் அது. உள்ளே போகக் காசு கிடையாது, வாசலில் விற்கிற சோளச் சூப் வாங்கினால் அவர்களுக்கு உதவியாக இருக்கும், ஆனால் அதில் இறைச்சி போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வுட்புரூக்கில் ஹாமில்டன் தெருவில் இருக்கிற ஃபேஸ் டூ குழுவின் முற்றம் உங்களுக்கு வசதி. டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ், சார்லட் தெருவில் ரெனகேட்ஸ், இரண்டும் பெரிய குழுக்கள், இரண்டுக்கும் டிரைவரை வாசலிலேயே காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எட்டு மணிக்கு மேல் போங்கள், கணவரும் வேலை முடிந்து வந்திருப்பார்.

இந்தியத் தொடர்பைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் அங்கே போனதும் உங்களைக் கேட்பார்கள். 1845 மே 30 அன்று முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்தது, 1917 வரை ஒன்றரை லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவாக ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள். பெரும்பாலோர் போஜ்புரி பேசியவர்கள், சென்னைத் துறைமுகம் வழியாக வந்த நம் ஆட்களும் உண்டு, 'மதராசி' என்றே அவர்களுக்குப் பெயர். மொழி போய்விட்டது. 'சாமி' என்று முடிகிற குடும்பப் பெயர்களிலும் காளி கோயில் பூசைகளில் அடிக்கிற தப்பிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தமிழில் பேசிப் பார்த்து ஏமாற வேண்டாம், எங்கள் கொள்ளுப்பாட்டி மதராஸ் என்று யாராவது சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். செயின்ட் ஜேம்ஸில் தெருப் பெயர்களே டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ என்று இருக்கும். துறைமுகத்துக்கு எதிரே தெரிகிற நெல்சன் தீவில்தான் கப்பலில் வந்த கூலிகளை இறக்கி, நோய் பார்த்து, தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். படகுச் சுற்றுலா எல்லா நாளும் கிடையாது, பழஞ்சின்னங்களைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்டில் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து வாட்டர்லூ போய்க் கடல் கோயிலைப் பாருங்கள். சிவதாஸ் சாது என்ற தோட்டத் தொழிலாளி நிலத்தில் கட்டிய கோயிலை அங்கிருந்த சர்க்கரைக் கம்பெனி இடித்தது, கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று அவர் சைக்கிளில் கல்லும் சிமெண்டும் சுமந்து வருடக்கணக்கில் தண்ணீருக்குள் மேடு போட்டுக் கோயில் எழுப்பினார். மூன்று பேருமாகப் போங்கள், அது கணவரும் பார்க்க வேண்டிய இடம்.

கடற்கரைக்கு மராகாஸ் போகலாம், மலைமேல் வளைந்து வளைந்து போகிற சாலை, வழியில் காட்சி முனையில் 'சௌ' விற்பார்கள். மாங்காயையோ அன்னாசியையோ நறுக்கி உப்பு, பூண்டு, மிளகாய், கொத்தமல்லி வாசனை அடிக்கிற ஒரு நீட்டு இலை போட்டுக் குலுக்கியது, ஒரு துண்டு வாயில் போட்டால் மெரினாவில் நிற்கிற மாதிரி இருக்கும். அலை பலமாக இழுக்கிற கடல், கொடி நட்டிருக்கிற எல்லைக்குள் மட்டும் மகனை இறக்குங்கள்.

தேதியை மாற்றிவிட்டால் கார்னிவல் உங்களுக்குப் போனஸ். 14 வயதுப் பையனோடு விடியற்காலை ஜூவே வேண்டாம், சனிக்கிழமை காலை பிள்ளைகளின் ஊர்வலம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள், கட்டைக்காலில் நடக்கிற மோக்கோ ஜம்பிகளில் பத்து வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். செவ்வாய் பகலில் அரியபிட்டா அவென்யூ ஓரத்தில் நிழலாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தால் இறகும் மணியுமாக ஆயிரக்கணக்கில் ஆடிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். உடை குறைவாகத்தான் இருக்கும், ஆட்டமும் இடுப்பை வளைத்து ஆடுவதுதான், மகனிடம் முதலிலேயே இயல்பாகப் பேசிவிடுங்கள், அங்கே பாட்டிகளும் அப்படித்தான் ஆடுகிறார்கள். பாட்டு லாரிகளின் சத்தத்துக்குக் காதடைப்பான் மூன்று ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள்.

ஊசிக்குப் பதிவு செய்துவிட்டு, டிக்கெட் தேதி மாறியதும் எனக்கு எழுதுங்கள். பிப்ரவரி 6 சனிக்கிழமை இரவு சவானாவில் பனோரமா, ஸ்டீல்பான் இறுதிப்போட்டி, நீங்கள் முற்றத்தில் கேட்ட அதே எட்டு நிமிடப் பாட்டை அன்றைக்கு மேடையில் கேட்பீர்கள். டிக்கெட் எடுக்கும்போது நார்த் ஸ்டாண்டா கிராண்ட் ஸ்டாண்டா என்று கேட்பார்கள். நார்த் ஸ்டாண்டில் ஐஸ் பெட்டியும் குடியும் கும்மாளமும்தான் அதிகம், கிராண்ட் ஸ்டாண்டில் உட்கார்ந்து பாட்டைக் கேட்க முடியும். உங்கள் மூவருக்கும் கிராண்ட் ஸ்டாண்டே எடுங்கள், நள்ளிரவு தாண்டித்தான் முடியும், டிரைவரிடம் அன்று மாலையே சொல்லிவையுங்கள்.